'பதினோரு பேர் ஒரு குளியலறை' ஓடிய நாட்கள்

6 ஜூன் 2008, வெள்ளி

கேன்டீன்காரர் ஒரு தட்டு சமோசாதான் போட்டிருந்தார். படம் தொடங்கும் முன்பே, பெண்கள் பக்கத்து வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது அதைப் பார்த்துவிட்டேன். புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமையில் மாலைக் காட்சிக்கு நாலு தட்டு போடுவார். எண்ணெய் வாசனை டிக்கெட் கவுன்டர் வரை வரும். இன்று ஒரு தட்டு, அதன் மேல் ஈ உட்காராமல் இருக்க ஒரு செய்தித்தாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கல்யாண வீடுகளுக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். 'கதை, வசனம்: சிவகாசி தர்மக்கண்' என்று அப்பா பேர் திரையில் தனியாக வந்தது. அப்பா இருபது வருஷமாகச் சென்னையில் மற்றவர்கள் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் எழுதிக் கொடுக்கிறார். பேர் போட மாட்டார்கள். இதுதான் முதல் முறை. அம்மா கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை என்று தெரிந்ததும் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினோரு பேர் உள்ள வீடு, ஒரே குளியலறை, காலையில் யார் முதலில் போவது என்பதுதான் கதை. அப்பா 'பாத்ரூம்' என்றுதான் பேர் வைத்திருந்தார். தமிழில் பேர் இருந்தால் வரி கிடையாது என்று தயாரிப்பாளர் மாற்றிவிட்டார். சிரிப்பே போய்விட்டது, பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று அப்பா போனில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கம் இருபத்து மூன்று பேர். பிரஸ்ஸில் வேலை பார்த்துப் பார்த்து எதையும் ஐந்தைந்தாக எண்ணும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

முதல் பாதியில் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. இரண்டாம் பாதியில் விக்கல் சீன் வந்தபோது மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு ஆள் சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வலிக்குதும்மா என்றேன். விடவில்லை.

7 ஜூன், சனி

வேலை முடிந்து தியேட்டர் வழியாக வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் முப்பத்தொன்று.

8 ஜூன், ஞாயிறு

அப்பா காலையிலேயே அம்மாவின் செல்லில் கூப்பிட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் சத்தமாகப் பேசுவதால் எல்லாம் வெளியே கேட்கும்.

"சென்னையில டல்லுதான் ஜெயா. அவங்களுக்குக் கூட்டுக் குடும்பம்னா என்னன்னு தெரியும்? நம்ம பக்கம் இன்னைக்குப் பாரு, ஞாயித்துக்கிழமை, குடும்பம் குடும்பமா வருவாக."

"பேரைப் பாத்துட்டு ஒரு மாதிரிப் படமோன்னு யோசிக்காகங்க. பக்கத்து வீட்டக்காவே கேட்டுச்சு."

அப்பா 'சரி சரி' என்றார். பிறகு, "இருபத்தஞ்சு நாள் ஓடட்டும். அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் வாங்கிருவேன். வளசரவாக்கத்துல வீடு பாத்தாச்சு. மாரிய அங்கனயே ஒரு ஸ்கூல்ல சேத்துவிட்ருவோம். அவகிட்டச் சொல்லு" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கேட்காதது போல இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. டி.சி. கூட வாங்கவில்லை, அது பள்ளியிலேயே கிடக்கிறது. இங்கே எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் என்னைத் தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். சென்னையில் யாருக்கும் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் பத்தாவது எழுதிவிடுவேன்.

அதற்குப் படம் இருபத்தைந்து நாள் ஓட வேண்டும். ஓடவேண்டும் என்றால் ஊர் முழுக்க வந்து விக்கல் சீனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். சோறு குழைந்துவிட்டது.

11 ஜூன், புதன்

இந்தப் படத்துக்குப் போஸ்டர் அடித்தது எங்கள் பிரஸ்தான். போஸ்டர் அடிக்கும்போதே '25வது நாள்', '50வது நாள்' என்று நீளப் பட்டைகளும் அடித்து வைத்துக்கொள்வார்கள். தாளும் மையும் மிஷினில் இருக்கும்போதே அடித்தால் செலவு குறைவு. நாள் வந்ததும் பழைய போஸ்டர் மேல் பட்டையை ஒட்டிவிடலாம். அப்பா தயாரிப்பாளரிடம் பேசி '100வது நாள்' பட்டையும் அடிக்க வைத்திருக்கிறார். அது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூலையில் பன்னிரண்டு பண்டல் இருக்கிறது.

"இத என்ன செய்யச் சொல்றாக உங்கப்பா?" என்று ஃபோர்மேன் ஞானசேகர் அண்ணன் கேட்டார். "பெஞ்சு பத்தல. மேல உக்காந்து சோறு திங்கவாவது ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பு டேபிளில் என் எதிரே இருக்கும் பாண்டிச்செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து நானும் எங்க வீட்ல அவுகளும் போனோம்டி. அந்த மைக்குல விக்குற சீனு. அது உன் கதைதான?"

தாளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"என் தங்கச்சி உன் கிளாஸ்தான. அவ அன்னைக்கு வந்து சொன்னது அப்படியே இருந்துச்சு. உங்கப்பா உன்னைய ஒரு வார்த்தை கேட்டாகளா?"

"அது வேற பொண்ணுக்கா" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் மடிக்க வேண்டிய தாள்கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

13 ஜூன், வெள்ளி

படத்தை எடுத்துவிட்டார்கள். ஏழு நாள்.

14 ஜூன், சனி

அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். செல்லை அணைத்து வைத்திருக்கிறார். அம்மாவிடம் தைக்க வந்த மூன்று பிளவுஸ்களில் கொக்கி வைத்தேன். சாயங்காலமும் செல் அணைந்தே இருந்தது.

19 ஜூன், வியாழன்

நூறாவது நாள் பட்டைகளின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால், காலண்டர் கட்டுகளுக்குச் சுற்றுத் தாளாகப் பயன்படுத்தச் சொல்லிவிட்டார் முதலாளி. இன்று முழுக்க அதுதான் வேலை. எழுத்து உள்பக்கம் போகும்படி சுற்றினேன்.

2 ஜூலை, புதன்

அப்பா வந்துவிட்டார். பார்சல் சர்வீஸ் வண்டியில் ஏழு தகரப் பெட்டிகளும் வந்தன. ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். நாங்கள் படுக்கிற அறையில் சுவரோரமாக அடுக்கியிருக்கிறோம். அறையில் பாதி போய்விட்டது. அம்மா இனி அடுப்படியில்தான் படுக்க வேண்டும்.

உள்ளே இருப்பது படத்தின் பிரிண்ட், ஃபிலிம் சுருள்கள். தயாரிப்பாளர் சம்பள பாக்கி தர முடியாது, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றாராம். ஒன்று, வீட்டில் போட்டுப் பார்க்கிற சிடி, டிவிடி உரிமை. இன்னொன்று, ஒரு பிரிண்ட்டும் அதை மூன்று மாவட்டத்துக் கொட்டகைகளில் ஓட்டிக்கொள்ளும் உரிமையும். அப்பா பிரிண்ட்டை எடுத்துக்கொண்டார்.

"அந்த டிவிடிய வாங்கிருக்கலாம்லங்க. எல்லாரும் இப்ப வீட்லதான பாக்காக" என்றாள் அம்மா.

"கெட்டுது போ. திருட்டு சிடி தெருவுக்குத் தெரு கெடக்கு, எவன் காசு குடுத்து வாங்குவான்? இது காமெடி ஜெயா. நூறு பேரு ஒண்ணா உக்காந்து, ஒருத்தன் சிரிக்கிறதப் பாத்து அடுத்தவன் சிரிக்கணும். வீட்ல ஒத்தையா உக்காந்து எவனாவது சிரிப்பானா?"

அம்மா தண்ணீர் கொடுத்தாள். அப்பா குடித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். "சின்ன ஊர்கள்ல ஓட்டுவோம் தாயி. அங்க பிச்சிக்கிட்டுப் போகும். மெட்ராசு எங்கயும் போயிராது."

அவர் இளைத்திருந்தார். சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துப் போட்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

20 ஜூலை, ஞாயிறு

வெம்பக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்துக் கொட்டகை. எனக்கு லீவு என்பதால் அப்பா கூட்டிப் போனார். பெட்டிகளைக் 'குட்டி யானை' வண்டியில் ஏற்றி, நாங்களும் பின்னால் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். சென்னையில் அவர் தங்கியிருந்த மேன்ஷனில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்றும், கதை அங்கேதான் கிடைத்தது என்றும் சொன்னார். மைக் சீன் எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மேட்னிக்குப் பதினான்கு பேர். ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா ஆடுகளை வெளியே கட்டிப்போட்டு வந்திருந்தார்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பி, வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு ஒவ்வொரு வசனத்தையும் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. யாராவது சிரித்தால் அவர் முகமும் சிரித்தது. மற்ற நேரம் நாவற்பழம் தின்றவர் கறை தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது போல இருந்தார்.

படத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள். கரண்ட் போய்விட்டது.

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். தாத்தா முதலில் எழுந்தார். "ஆடு கத்துது, நான் போறேன். மிச்சத்த நீங்க பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா, "வரும், இப்ப வந்துரும்" என்று வாசல் வரை போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்ட் போனதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அப்பாவின் முதுகைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

9 ஆகஸ்ட், சனி

இதுவரை ஐந்து ஊர். வண்டி வாடகை கூட வரவில்லை. அப்பா இன்று பெட்டிகளைத் துணியால் துடைத்தார்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

அப்பா மாமாவின் பட்டாசுக் கடையில் உட்காரப் போகிறார். தீபாவளி வரைக்கும்தான் என்கிறார். சாப்பிடும்போது பழைய ஜோக் ஒன்று சொன்னார். நானும் அம்மாவும் சிரித்தோம். கொஞ்சம் சீக்கிரமே சிரித்துவிட்டோம், முடிவு வருவதற்கு முன்பே.

15 செப்டம்பர், திங்கள்

பிரஸ்ஸுக்குப் புது வேலை வந்திருக்கிறது. டிவிடி அட்டை. இருபத்தெட்டு ரூபாய்க்கு விற்கிற கம்பெனி ஒன்று எங்கள் படத்தின் உரிமையை வாங்கியிருக்கிறதாம். ஐயாயிரம் அட்டை. வெட்டி வந்ததை எண்ணி, நூறு நூறாகக் கட்ட வேண்டும். ஞானசேகர் அண்ணன் வேண்டுமென்றா, தெரியாமலா, கட்டுகளை என் முன்னால் கொண்டு வந்து வைத்தார்.

அட்டையில் கதாநாயகன் படம் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. நடுவில் அந்தப் பெண். ரெட்டை ஜடை, நீலப் பாவாடை, மைக், வாயைப் பொத்திய கை, பிதுங்கிய கண்.

நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். என்னை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில், காலை வழிபாட்டில், குறள் சொல்ல மேடையேற்றினார்கள். ஆயிரத்து இருநூறு பேர். வாயைத் திறந்ததும் விக்கல் வந்தது. மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. அந்தச் சத்தத்தில் பயந்து இன்னும் விக்கினேன். முதலில் முன்வரிசை சிரித்தது. பிறகு எல்லோரும். டீச்சர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இறங்கு என்று யாராவது சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன். சொல்லவில்லை, நின்றேன். படத்தில் அந்தப் பெண் விக்கியதும் வீட்டில் உள்ள பத்துப் பேரும் தண்ணீரோடு ஓடி வந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். அது அப்பா சேர்த்தது.

அம்மா அன்று இரவு டெலிபோன் பூத்திலிருந்து அப்பாவிடம் சொன்னாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அம்மா சொல்லி முடித்ததும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அப்பா இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருக்கிறார்.

மேடையிலிருந்து இறங்கிய பிறகு, அன்று சாயங்காலம் வரை நான் எங்கே இருந்தேன் என்பதை இதில் எழுதப்போவதில்லை.

ஐயாயிரத்தையும் நானே எண்ணினேன். இருநூறாவது அட்டைக்குப் பிறகு வெறும் நீலமும் சிவப்பும்தான் தெரிந்தது.

4 அக்டோபர், சனி

அதே அட்டை இருபதாயிரம். "ஐயாயிரமும் பத்து நாள்ல காலியாம். உங்கப்பா ஜெயிச்சுட்டாருடி" என்றார் ஞானசேகர் அண்ணன்.

பாண்டிச்செல்வி அக்கா, "ஜெயிச்சது கம்பெனிக்காரன். இவுகளுக்கு ஏழு பெட்டி தகரம்" என்றாள்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். "அப்பாகிட்டச் சொல்லாத" என்றாள்.

18 அக்டோபர், சனி

நாற்பதாயிரம். தீபாவளிக் கூட்டத்துக்கு என்று கேட்கிறார்களாம். காலண்டர் வேலையை நிறுத்திவிட்டு இதை ஓட்டினார்கள். என் விரல் நுனியில் நீல மை. தேங்காய் எண்ணெய் போட்டும் போகவில்லை.

24 அக்டோபர், வெள்ளி

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பட்டாசு வாங்க வெளியூரிலிருந்து வந்த கூட்டம் கடைத்தெருவில் நிற்கிறது. டிவி கடைக்காரர் வாசலில் பெரிய டிவியை வைத்து எங்கள் படத்தைப் போட்டிருக்கிறார். அப்பா சாப்பிட வரும்போது பார்த்திருக்கிறார்.

வந்தவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். முகம் ஜுரம் வந்தவர் மாதிரி இருந்தது.

"சிரிக்கிறான் ஜெயா. எழுவது எம்பது பேரு, நடுரோட்ல, பட்டாசுப் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். மொத பாதிக்கே சிரிக்கிறான். அந்தச் சோப்பு சீனுக்கு, நம்ம தியேட்டர்ல ஒருத்தனும் சிரிக்கல, அதுக்குச் சிரிக்கிறான்."

"உக்காருங்க. சாப்புடுங்க."

"நான் எழுதுனதுல தப்பில்ல. தப்பில்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு." பிறகு ஏழு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்ல போட்டுப் பாக்கானுக" என்றார், வேறு யாரோ சொன்னதைச் சொல்வது போல.

சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். திரும்பக் கடைத்தெருவுக்குத்தான் போனார் என்று நினைக்கிறேன். அப்பா கடைக்கு வரவில்லையே என்று மாமா ஆள் அனுப்பிக் கேட்டார்.

27 அக்டோபர், திங்கள், தீபாவளி

இட்லி, கறிக்குழம்பு. காம்பவுண்டில் ஐந்து வீடு, மூன்றில் எங்கள் படம். சுவர் வழியாக மூன்று வீட்டு விக்கலும் வேறு வேறு நேரத்தில் கேட்டது. வெடிச்சத்தம் கூடினபோது நன்றாக இருந்தது.

9 நவம்பர், ஞாயிறு

சித்தி பேத்திக்குக் காது குத்து. நானும் அம்மாவும் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் டிரைவர் டிவியில் படம் போட்டார்.

முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. அம்மா, "தூங்கு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டேன். நேராக விக்கல் சீனுக்கு ஓட்டிவிட்டார்கள். கண்டக்டர்தான் ஓட்டினார், "இது பாருங்க, இதுதான்" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. முன் சீட்டில் இருந்த குழந்தை எழுந்து நின்று மைக் பிடித்தது போல விக்கிக் காட்டியது. அதற்கு இன்னும் சிரித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரம்மா எங்கள் தெருதான். என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பின்னால் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார்.

அம்மா எழுந்தாள்.

"வண்டிய நிப்பாட்டுங்க. எறங்கணும்."

"இங்க ஸ்டாப் இல்லம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் பத்து நிமிசம்."

"நிப்பாட்டுங்கய்யா."

"டிக்கெட்டு ராஜபாளையத்துக்குல்ல எடுத்திருக்கீக."

"எடுத்துட்டேன்ல. அத நீயே வச்சுக்க. எறக்கி விடு."

அம்மா வெளியாள் யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி நின்றது. பருத்திக் காட்டோரம் இறங்கினோம். பஸ் போனது. காதுகுத்துக்கு வாங்கிய வெள்ளித் தண்டையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நடந்தோம். அம்மா வேகமாக முன்னால் போனாள். ஒரு இடத்தில் நின்று, "அந்த பூத்துல வச்சு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"பரவால்லம்மா" என்றேன்.

10 நவம்பர், திங்கள்

அம்மா நேற்று இரவு அப்பாவிடம் கேட்டுவிட்டாள். நான் தூங்கவில்லை, பெட்டிகளின் மறுபக்கம்தான் படுத்திருந்தேன்.

"அவ பேரு வைக்கலையே ஜெயா. ஊரு பேரு வைக்கல. ஸ்கூலு பேரு வைக்கல."

"ஊருக்குத் தெரியும்ல."

"எனக்கு எங்க தெரியும், ஊரு இத்தன பேரு பாக்கும்னு? தியேட்டர்ல ஏழு நாளு ஓடுன படம்."

அம்மா சிரித்தாள் என்று நினைத்தேன். இல்லை.

15 நவம்பர், சனி

தனித்தேர்வராகப் பத்தாவது எழுத இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பேப்பரில் வந்திருக்கிறது. பாண்டிச்செல்வி அக்கா கிழித்து வந்து கொடுத்தாள். டி.சி. நகல் வேண்டுமாம். அதை வாங்க அந்தப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பேப்பரை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன். வேலை முடிந்து வரும்போது பெட்டிக்கடையில் நின்ற இரண்டு பேர் விக்கினார்கள். நான் தாண்டும் வரை விக்கினார்கள்.

22 நவம்பர், சனி

அப்பா மத்தியானமே கடையிலிருந்து வந்துவிட்டார். சென்னையிலிருந்து ஒரு டிவிக்காரர் கூப்பிட்டாராம். டிவிடி விற்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த விக்கல் பெண்ணை வைத்து வாராவாரம் ஒரு தொடர், பதின்மூன்று வாரம். எழுதுவது அப்பா. பேர் தனியாக வரும். அட்வான்ஸில் வளசரவாக்கத்தில் வீடு பிடித்துவிடலாம்.

அம்மா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

அப்பா புது நோட்டும் பேனாவும் வாங்கி வந்திருந்தார். ஒரு பெட்டி மேல் நோட்டை வைத்து, எதிரே என்னை உட்காரச் சொன்னார். என்னை நேராகப் பார்க்காமல் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மொத எபிசோடு அந்த ஸ்கூலுலருந்தே ஆரம்பிக்கணும்னு கேக்காக. மேடையிலருந்து எறங்குனப்புறம் என்ன ஆச்சு தாயி? நீ சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்தன்னு அம்மா சொன்னா. அதுவரைக்கும் எங்க இருந்த? யாரு என்ன சொன்னாக? சின்னச் சின்னதா ஞாபகம் இருக்கிறதச் சொல்லு போதும். நான் சிரிப்பா மாத்திக்கிடுவேன்."

நான் நோட்டைப் பார்த்தேன்.

"உன் பேரு எங்கயும் வராது."

"சொல்ல மாட்டேம்ப்பா."

தன் காதில் விழுந்தது சரிதானா என்பது போல அவர் அம்மாவைப் பார்த்தார். நான் அப்பாவிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"மெட்ராஸ் போகணும்னு நீதான ஆசப்பட்ட. போனா அங்க உன்னைய யாருக்குத் தெரியப்போகுது?"

"டிவி அங்கயும் வரும்லப்பா."

அப்பா பேனாவை மூடினார். திறந்தார். "சரி, நீ சொல்லாண்டாம். நானா யோசிச்சு எழுதிக்கிடவா?"

"அதையும் எழுதாதீங்கப்பா."

"நான் இல்லன்னா வேற ஆள வச்சு எழுதிருவாக மாரி. அந்தப் பொண்ணு இப்ப அவுகளோடது."

"அவுக எழுதட்டும். நீங்க எழுதாதீங்க."

எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவுக்குத்தான் கண் சிவந்தது. நோட்டில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டிருந்தார். அதை மூடி வைத்துவிட்டு, செல்லை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. வந்து சாப்பிட்டார். ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

23 நவம்பர், ஞாயிறு

பழைய பிரிண்ட்டை எடைக்கு எடுக்கிற ஆள் வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா விலை பேசவில்லை.

24 நவம்பர், திங்கள்

ஞானசேகர் அண்ணனிடம் அரைநாள் லீவு கேட்டேன். "எதுக்கு?" என்றார். "ஸ்கூலுக்கு" என்றேன். மடிப்பு டேபிளில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பாண்டிச்செல்வி அக்கா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டாள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது, மைதானத்தில் யாரும் இல்லை. மேடைக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போக வேண்டும். போனேன்.

கிளார்க் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மாரீஸ்வரி. ஒன்பதாவது பி. ரெண்டு வருசம் ஆச்சு சார். டி.சி. வேணும்."

"மாரீஸ்வரி..." என்று பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. நிமிர்ந்தார். அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "நீதானம்மா அந்தப் படத்துல வர்ற..."

"ஆமா சார்."

அவர் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் இருமினார். உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். யாரிடமோ கிசுகிசுத்தார். ஒரு சிரிப்பு கேட்டது.

"ரெண்டு வருசமாச்சுல்ல, சும்மா குடுக்க முடியாது. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மனு எழுதணும். எதுக்காக நின்னேன்னு காரணம் போடணும், அது இல்லாமக் கையெழுத்துப் போட மாட்டாக" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.